டெட்ராய்டுக்குப் போன பால்

ஐந்து டாலர் கதை நம்மில் பலருக்குத் தெரியும். 1914 ஜனவரியில் டெட்ராய்டில் ஹென்றி ஃபோர்டு, நாள் கூலி ஐந்து டாலர், வேலை எட்டு மணி நேரம் என்று அறிவித்தார். பொறியியல் படித்தபோது எங்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஹைலண்ட் பார்க் ஆலையில் 1913இல் அசெம்பிளி லைன் நகரத் தொடங்கியதும், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த சேசிஸ் வேலை ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது என்று ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். அந்தக் காருக்கு நாலு டயர் வேணுமே, அதற்கான ரப்பர் எங்கிருந்து போனது? அது மட்டும் ஸ்லைடில் இல்லை. வகுப்பிலிருந்த மூன்று நான்கு தமிழ்ப் பிள்ளைகளும் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்.

1920களில் உலக ரப்பரில் ஏறக்குறைய 70 விழுக்காட்டை அமெரிக்கா வாங்கியது. அந்த ரப்பரின் பெரும்பகுதி மலாயாவிலிருந்தும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் போனது. யு.எஸ். ரப்பர் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு டெட்ராய்டு நதிக்கரையில் பெரிய டயர் ஆலை இருந்தது. கெடாவில் தோட்டங்களும் இருந்தன. பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டம் அதில் ஒன்று. ஆக, ஒரே முதலாளியின் சரக்கு ஒரு முனையில் மங்கில் சொட்டியது, மறுமுனையில் டயராக உருண்டது.

1909இல் சயாமிடமிருந்து பிரிட்டிஷார் கைக்குக் கெடா வந்தது. 1915இல் பிறையிலிருந்து அலோர்ஸ்டார் வரை ரயில் ஓடியது. சுங்கைப்பட்டாணி, பீடோங் எல்லாம் ரப்பரால் வளர்ந்த ஊர்கள். கங்காணியோடு கப்பலேறி வந்தவர்கள் லயங்களில் குடியேறினார்கள். இருட்டோடு பெரட்டு. கிராணி பேர் கூப்பிட்டு முடித்ததும் உளியும் வாளியுமாக அவரவர் நிரைக்குப் போவார்கள். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதால் விடியும்போதே வெட்டியாக வேண்டும். ஃபோர்டு ஆலையில் வேகத்தை லைன் முடிவு செய்தது. இங்கே சூரியன் முடிவு செய்தது, மண்டோர் கண்காணித்தார்.

கூலி? 1920களின் கடைசியில் பெரும்பாலான இடங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயமானது. அந்த 50 காசு, அன்றைய மாற்று விகிதத்தில் 30 அமெரிக்க சென்டைக்கூட எட்டாது. 1930இல் விலை சரிந்ததும் அதையும் 40, 32 என்று குறைத்தார்கள். டெட்ராய்டில் வேலை போனவர்கள் இலவசக் கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள். இங்கே லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள்.

ஆனால் ஃபோர்டை வள்ளலாக்கிவிட வேண்டாம். ஐந்து டாலரில் ஏறக்குறைய பாதி, நிபந்தனையோடு வந்த பணம். கம்பெனியின் ‘சமூகவியல் துறை’ ஆட்கள் வீடு வீடாகப் போய், சுத்தமாக இருக்கிறார்களா, சேமிக்கிறார்களா, குடிக்கிறார்களா என்று பார்த்து எழுதிக்கொண்டார்கள். குடித்தால் அந்தப் பாதி போய்விடும். நம் தோட்டங்களில் நடந்தது இதற்கு நேர் எதிர். இங்கே கள்ளுக்கடையே தோட்டத்துக்குள் இருந்தது. காலையில் கொடுத்த கூலி சாயங்காலம் அங்கே திரும்பிப் போனது. தொழிலாளி குடிக்கக்கூடாது, குடிக்கணும் என்ற இரண்டு முடிவையும் எடுத்தது முதலாளி லாபம்தான்.

1941ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஏப்ரலில் டெட்ராய்டு பக்கத்து ரூஜ் ஆலையில் வேலைநிறுத்தம். அதுவரை அடியாட்களை வைத்துச் சங்கத்தை விரட்டிய ஃபோர்டு, அதே ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஏறக்குறைய அதே வாரங்களில் கிள்ளானில் நம் ஆட்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்றார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அவர்களுக்குக் கிடைத்தது பட்டாளமும் துப்பாக்கிச் சூடும். தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போருக்குப் பிறகு அந்தக் குரல் கெடாவில் எழுந்தது. ஏ.எம். சாமி தலைமையில் ஹார்வர்ட் தோட்டத்தில் தொண்டர் படை தொடங்கியது. கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள், தோட்டம் தோட்டமாகப் பரவினார்கள். தொழிலாளியே குடியை விட்டு நிமிர்ந்தால் நிர்வாகம் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? போலீஸ்தான் வந்தது. 1947இல் பீடோங், டப்ளின் தோட்டங்களில் மோதல்கள் நடந்தன, உயிர்களும் போயின. நிதானமாக நிற்கும் தொழிலாளி கணக்குக் கேட்பான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

டெட்ராய்டு தொழிலாளிக்கு அருங்காட்சியகம் இருக்கிறது, நூல்கள் இருக்கின்றன. தொண்டர் படையின் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்? ஹார்வர்ட் பக்கம் இன்று போனால் கோல்ஃப் மைதானம் கண்ணில் படும். மரங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன, லயங்கள் தரைமட்டம். அங்கே வளர்ந்த கிழவிகள் சிலர் இன்னும் சுங்கைப்பட்டாணி அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள். இப்போதே போய்க் கேட்க வேண்டும்.