திருச்சபையும் அச்சுச் சுதந்திரமும்: கல்கத்தாவின் இரு அவதூறு வழக்குகள்

இந்திய மண்ணில் அச்சுக்கலை வேரூன்றியதில் மிஷனெரிகளுக்கு உள்ள பங்கை நாம் பெருமையோடு நினைவுகூருகிறோம். தரங்கம்பாடியில் 1715-இல் அச்சேறி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடும், 1800-இல் தொடங்கப்பெற்ற செராம்பூர் அச்சகமும் திருச்சபை வரலாற்று நூல்கள் அனைத்திலும் இடம்பெற்றுள்ளன. ஆயினும் அச்சகத்தை நிறுவுவது வேறு. பிறர் சுதந்திரமாக அச்சிடுவதைப் பொறுத்துக்கொள்வது வேறு. இரண்டாவதில் திருச்சபை எவ்வாறு நடந்துகொண்டது? கல்கத்தா உச்சநீதிமன்றத்தில் எண்பது ஆண்டு இடைவெளியில் நடைபெற்ற இரு வழக்குகள் இவ்வினாவுக்கு விடை காணத் துணைபுரிகின்றன. முதல் வழக்கில் மிஷனெரி குற்றம் சாட்டியவர்; அடுத்ததில் அவரே குற்றம் சாட்டப்பட்டவர்.

1. ஹிக்கியும் கீர்நாந்தரும் (1781)

அயர்லாந்து நாட்டவரான ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி 1780 ஜனவரி 29-இல் 'பெங்கால் கெஜட்' என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். இந்தியாவில் அச்சான முதல் செய்தித்தாள் இதுவே. எல்லாத் தரப்பினருக்கும் இடமளிப்பதாகவும், எவருடைய செல்வாக்குக்கும் உட்படாததாகவும் அது தன்னை அறிவித்துக்கொண்டது. கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸின் ஆட்சியையும், அவரிடமிருந்து இரண்டாவது பதவி ஒன்றையும் பெற்றுக்கொண்ட தலைமை நீதிபதி எலைஜா இம்பேயையும் அது கடுமையாகத் தாக்கியது. 1780 நவம்பரில் 'இந்தியா கெஜட்' என்னும் போட்டிப் பத்திரிகை ஆட்சியாளரின் ஆதரவோடு வெளிவந்தது. அதே மாதத்தில் ஹிக்கியின் பத்திரிகை அஞ்சல் வழியே செல்லலாகாது என்ற ஆணையும் பிறந்தது. ஒன்றுக்குச் சலுகை, மற்றதற்குத் தடை. ஆட்சி செய்தித்தாளைத் தன் வசப்படுத்தும் முறை இந்நாட்டில் முதற் பத்திரிகையோடேயே தொடங்கிவிட்டது.

இப்போராட்டத்தினுள் ஒரு மிஷனெரியும் வந்து சேர்ந்தார். சுவீடன் நாட்டவரான யோவான் சகரியா கீர்நாந்தர் தமிழ்த் திருச்சபைக்கு அந்நியரல்லர். 1740 முதல் கடலூரில் ஊழியம் செய்த அவர், 1758-இல் பிரெஞ்சுப் படை அவ்வூரைக் கைப்பற்றியபின் கல்கத்தா சென்றார். அங்கே பெரும்பாலும் தம் சொந்தப் பொருளைக்கொண்டு ஆலயம் ஒன்றைக் கட்டி, 1770-இல் திறந்துவைத்தார். அவர் மிஷன் சொத்தைத் தம் ஆதாயத்துக்குப் பயன்படுத்தினார் என்றும், போட்டிப் பத்திரிகைக்குத் துணைபோனார் என்றும் பொருள்பட ஹிக்கி எழுதினார். 1781 ஜூன் மாதத்தில் ஹேஸ்டிங்ஸும் கீர்நாந்தரும் தொடுத்த அவதூறு வழக்குகள் விசாரிக்கப்பட்டன. விசாரித்த நீதிமன்றத்தின் தலைவரோ பத்திரிகையால் தாக்கப்பட்ட இம்பேயே. ஹிக்கிக்குச் சிறையும் அபராதமும் விதிக்கப்பட்டன. சிறையிலிருந்தும் அவர் பத்திரிகையை நடத்தினார். 1782 மார்ச்சில் அச்செழுத்துகள் பறிமுதலானதும் அது நின்றுபோயிற்று.

ஹிக்கி குறையற்றவர் என்று இங்கு வாதிடவில்லை. பட்டப்பெயர் சூட்டியும், தனிவாழ்வை ஏளனம் செய்தும் அவர் எழுதியவற்றில் பல இன்று எவராலும் ஆதரிக்கத் தக்கவை அல்ல. எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்த ஊழியர் தம் நற்பெயரைக் காக்க விரும்பியதும் இயல்பே. ஆனால் மிஷன் பொருளைப் பற்றிய குற்றச்சாட்டுக்குத் தகுந்த மறுமொழி மிஷன் கணக்கே. 1787-இல் கீர்நாந்தர் கடனால் நொடித்தபோது, அவருடைய உடைமைகளோடு சேர்த்து ஆலயத்தையும் அதிகாரிகள் கைப்பற்றினர். சார்ல்ஸ் கிராண்ட் பணம் கொடுத்து அதை மீட்டார். ஹிக்கியின் சொல் மெய் என்பதற்கு இது சான்றாகாது. எனினும், ஊழியரின் சொத்தும் சபையின் சொத்தும் பிரித்தறிய இயலாதபடி கலந்திருந்தன என்பது இதனால் தெளிவாகிறது. கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. கேட்டவர் சிறை சென்றார்.

2. ஜேம்ஸ் லாங் (1861)

வங்காளத்து அவுரித் தோட்ட முதலாளிகள் குடியானவருக்கு முன்பணம் கொடுத்துக் கடனில் பிணித்து, நெல் விளையும் நிலத்தில் அவுரி பயிரிடக் கட்டாயப்படுத்தினர். இக்கொடுமையைச் சித்திரிக்கும் 'நீல் தர்ப்பண்' என்னும் நாடகத்தைத் தீனபந்து மித்ரா எழுதி, 1860-இல் டாக்காவில் வெளியிட்டார். ஆங்கிலப் பத்திரிகைகள் சில முதலாளிகளின் புகழையே பாடின. அவற்றின் ஆசிரியர்கள் பணத்துக்கு விலைபோனார்கள் என்று சாடிய நாடகத்தின் முன்னுரை, முப்பது காசுக்கு ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸை உவமையாகக் காட்டியது.

சர்ச் மிஷனெரி சங்கத்து ஊழியர் ஜேம்ஸ் லாங் இந்நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை அச்சிடச் செய்தார். அதன் படிகள் அரசாங்க முத்திரையோடு அஞ்சலில் சென்றதை அறிந்த முதலாளிகள் வெகுண்டெழுந்தனர். 1861 ஜூலையில் நீதிபதி மார்டண்ட் வெல்ஸ் முன்னிலையில் லாங் மீது அவதூறு வழக்கு நடைபெற்றது. மொழிபெயர்த்தவர் பெயரை அவர் கடைசிவரை வெளியிடவில்லை. நாட்டு மக்களின் உள்ளத்தை ஆள்வோர் அறியாதிருப்பது ஆபத்து என்பதே அவருடைய வாதம். 1857-ஆம் ஆண்டின் கிளர்ச்சி நிகழ்ந்து நான்கே ஆண்டுகள் கழிந்திருந்தன. லாங்குக்கு ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. அபராதத்தை அப்போதே செலுத்தியவர் காளிபிரசன்ன சிங்கர் என்னும் இந்துப் பெருமகனார்.

3. நமக்குரிய படிப்பினை

லாங் வெளியிட்ட நூலிலும் நிரூபிக்கப்படாத கடுஞ்சொல் இருந்தது. ஆகவே ஒருவர் பொய்யர், மற்றவர் மெய்யர் என்று இவ்விரு அச்சீட்டாளரையும் பிரிப்பது எளிதன்று. வேறுபாடு திருச்சபை நின்ற இடத்தில்தான் உள்ளது. 1781-இல் அதன் ஊழியர் ஆள்வோரின் அருகே நின்று தம் பெயரைக் காத்துக்கொண்டார். 1861-இல் அதன் ஊழியர் பேச வாயற்றவர்க்கு அச்செழுத்தைக் கடன் கொடுத்து, தம் பெயரை இழக்கத் துணிந்தார்.

எரேமியா 36-ஆம் அதிகாரத்தில், யோயாக்கீம் அரசன் தீர்க்கதரிசியின் சுருளைக் கத்தியால் அறுத்துக் கணப்பிலிட்டு எரிக்கிறான். பாருக்கு மற்றொரு சுருளில் அவ்வார்த்தைகளைத் திரும்ப எழுதுகிறான். இப்பகுதியைப் பிரசங்கிக்கும் நாம் பாருக்கின் பக்கம் நிற்பதாகவே எண்ணுகிறோம். கல்கத்தா வரலாறோ நாம் கணப்பருகேயும் அமரக்கூடும் என்று எச்சரிக்கிறது.

அவதூறு நம் நாட்டில் இன்றும் குற்றவியல் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. 2016-இல் உச்சநீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. அச்சகமோ பெருமுதலோ இல்லாத தனி மனிதரும் இன்று எழுதிப் பலரை எட்ட முடிகிறது. அவர்களுள் சிலர் சபையின் நிலங்களையும், கல்வி நிலையங்களின் கணக்குகளையும், தேர்தல்களையும் பற்றி எழுதுகின்றனர். அவர்களுடைய நடை நமக்கு உவப்பாய் இராது, தவறுகளும் இருக்கும். அத்தகைய எழுத்து வெளிவரும் நாளில் வழக்கறிஞரை நாடுமுன் கணக்கேட்டைத் திறந்துவைக்கும் போதகரும் ஆயர் மன்றமும் நமக்குத் தேவை. பிறருடைய துன்பத்தை எழுதியதற்காகச் சிறை செல்வோரின் அபராதத்தைச் செலுத்த முன்வரும் சபைகளும் தேவை. லாங்கின் அபராதத்தைச் செலுத்தியவர் நம் சபையார் அல்லர் என்பதை நாம் மறத்தலாகாது.