கிராம தேவதை வழிபாடு: நிந்தையும் தற்காப்பும் (கள்ளக்குறிச்சி வட்டாரம்)

கிராம தேவதை வழிபாடு என்பது, ஊரெல்லையையும் ஏரிக்கரையையும் விளைநிலத்தையும் குடிமக்களின் உடல்நலத்தையும் காப்பனவாக நம்பப்படும் தெய்வங்களுக்கு, வேதாகம விதிகளை எதிர்பாராமல், ஊராரே பூசாரிகளாகவும் உபயதாரர்களாகவும் நின்று, தம் முன்னோர் காட்டிய வழியிலே செய்துவரும் ஆராதனையாகும். 2019 நவம்பர் 26-ஆம் நாள் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சியில் மாரியம்மன், அங்காளம்மன், திரௌபதியம்மன், ஐயனார், கூத்தாண்டவர் ஆகியோரும், மேற்கே கல்வராயன் மலைமீது கரியராமரும் இவ்வாறு ஊர்மக்களின் சொந்தத் தெய்வங்களாக விளங்குகின்றனர். இத்தகைய வழிபாடுகளை உலகின் பல பாகங்களிலும் பிற சமயத்தார் அஞ்ஞானம் என்று இகழ்ந்தும், அழிக்க முயன்றும் வந்திருக்கிறார்கள். அந்த நிந்தைக்கு இவ்வட்டாரமும் அதனைச் சூழ்ந்த தமிழ்நாடும் கடந்த 300 ஆண்டுகளில் எவ்வாறு விடையளித்தன என்பதே இக்கட்டுரையின் விஷயம். வேத புத்தகமும் மடமும் பீடாதிபதியும் இல்லாத ஒரு சமயம், சொல்வாதத்தால் அன்றிப் பெரும்பாலும் அனுஷ்டானத்தாலேயே தன்னைக் காத்துக்கொண்டிருக்கிறது.

மலையில் நிலை சற்று வேறு. சராசரி 2,700 அடி உயரமுள்ள சின்னக் கல்வராயன், 4,000 அடியளவுக்கு உயரும் பெரிய கல்வராயன் என இரு கூறாகக் கிடக்கும் இம்மலையின் குடிகளான மலையாளிகள், பெயரால் கேரளத்தாரை நினைப்பூட்டினாலும் பேசுவது தமிழே. தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்றும், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூன்று சகோதரர்களின் சந்ததியார் என்றும் அவர்கள் ஐதிகம் கூறுகிறது. தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் வெளியிட்ட 7 தொகுதிகளிலும் இந்த ஐதிகம் இடம்பெற்றுள்ளது. ஜாகீர்தார்களின் ஆளுகையில் நெடுங்காலம் ஒதுங்கிக் கிடந்த இம்மலையில் சமயப் பிரசாரகரும் சர்க்கார் அதிகாரியும் எளிதில் ஏறாமையால், சமவெளித் தெய்வங்கள் பட்ட கண்டனத்தின் வேகம் மலைத்தெய்வங்களின்மேல் அவ்வளவாகத் தாக்கவில்லை. ஆயினும், அந்தத் தனிமையே கல்வியையும் மருத்துவத்தையும் அம்மக்களுக்கு எட்டாமல் வைத்திருந்தது. ஆகவே, ஒதுங்கியிருத்தலை ஒரு தற்காப்பு முறையாகப் புகழ்ந்துரைக்க நமக்கு மனம் வருவதில்லை.

சமவெளியில் நிகழ்ந்த சம்வாதத்தின் முதல் விரிவான பதிவு தரங்கம்பாடியிலிருந்து கிடைக்கிறது. 1706 ஜூலை 9-ஆம் நாள் அங்கு வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் பார்த்தலோமேயு சீகன்பால்கு, தொடக்கக் காலத்தில் ஒரு கிராமக் கோயிலின் முன்பு வரிசையாக நின்ற மண்ணுருவங்களைக் கண்டு, சமய வேகத்தால் சிலவற்றைக் கீழே தள்ளியும் சிலவற்றின் தலையை உடைத்தும் விட்டதாகத் தம் கடிதத்தில் தாமே எழுதியிருக்கிறார். அதைக் கண்டு வந்த உள்ளூர் உபாத்தியாயர் ஒருவர் அவரைக் கைநீட்டி அடிக்கவில்லை. உடைக்கப்பட்டவை தெய்வங்களே அல்ல, தெய்வத்துக்குக் காவல் நிற்கும் வீரர்கள் என்று விளக்கினார். ஐயனார் கோயிலின் முன் குதிரையும் வீரருமாக நிற்கும் சுடுமண் உருவங்களைக் கண்ட எவருக்கும் அவ்விடையின் பொருள் விளங்கும். கல்லையும் மண்ணையும் கடவுளென்று மயங்கும் மூடர்கள் என்ற குற்றச்சாட்டுக்கு, தெய்வம் வேறு, பரிவாரம் வேறு, உருவம் வேறு என்று பகுத்துக் காட்டிய இந்த விடை, பெயர் தெரியாத ஒரு கிராம உபாத்தியாயர் அந்தக் கணத்திலேயே சொன்னது என்பதை நாம் மதிக்க வேண்டும்.

பிறகு 1712 முதல் 1714 வரை, தரங்கம்பாடி மிஷனார் அனுப்பிய கேள்விகளுக்கு விடையாகத் தமிழர்கள் எழுதிய 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரத்தில் அச்சாயின. கடவுள் ஒருவரே, அவரை அடையும் வழிகள் பல, அவரவர் நெறியில் ஒழுங்காக நடப்போர் கதியடைவர் என்பது அக்கடிதங்களில் மீண்டும் மீண்டும் வரும் கருத்து. உங்கள் வேதம் நல்லதாயின் உங்களவர் ஏன் குடித்துத் திரிகிறார்கள், ஏன் குளித்துச் சுத்தமாக இருப்பதில்லை என்ற எதிர்வினாவும் அவற்றில் உண்டு. இத்தகைய உரையாடல்களால் சீகன்பால்கின் மனமும் ஓரளவு மாறியிருக்க வேண்டும். உருவங்களை உடைத்த அதே மனிதர், 1713-இல், மாரியம்மன், எல்லம்மன், அங்காளம்மன், பிடாரி, ஐயனார் ஆகிய கிராம தேவதைகளைப் பற்றி விரிவாக எழுதிய அத்தியாயங்களைக் கொண்ட தென்னிந்தியத் தெய்வ வமிசாவளி நூலை முடித்து ஹாலேக்கு அனுப்பினார். அஞ்ஞானத்தை வேரறுக்கச் சென்றவர் அதனை ஐரோப்பாவிலே பரப்பலாகாது என்ற எண்ணத்தால் அங்குள்ள தலைவர்கள் அதை அச்சிடவில்லை. 150 ஆண்டுகளுக்கும் மேல் கடந்து, 1867-இல் சென்னையில் ஜெர்மான் என்பவருடைய பதிப்பாக அது வெளிவந்தது. பகைமையோடு தொடங்கிய விசாரணையே நம் கிராம தேவதைகளைப் பற்றிய பழைய ஆதாரமாக நிற்பதால், அதனை முற்றிலும் வெறுத்துத் தள்ளவும் இயலவில்லை.

பின்னர், பழைய தென்னாற்காடு ஜில்லாவில் டென்மார்க்கு தேசத்து லுத்தரன் மிஷன் பள்ளிகளும் மருத்துவமனைகளும் அமைத்து ஊழியம் செய்தது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதன் வழித்தோன்றல். சென்னை ஆங்கிலிக்கன் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட் 1916-இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிராம தேவதைகளைப் பற்றிய நூல், சடங்குகளைக் கூர்ந்து வருணித்தபின், இந்நம்பிக்கைகளை அகற்றி நிலத்தைத் துப்புரவு செய்வதே கிராம முன்னேற்றத்தின் முதற்படி என்ற முடிவுக்கு வந்தது. இதற்குக் கிராமத்தார் மறுப்பு நூல் எழுதவில்லை. அடுத்த ஆண்டும் ஆடியில் கூழ் வார்த்தார்கள்.

இதே போக்கைச் செடல் உற்சவத்தின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம். முதுகில் கொக்கி கோத்து மரத்தில் தொங்கிச் சுழலும் நேர்த்திக்கடனை மிஷனாரும் படித்த சுதேசிகள் பலரும் காட்டுமிராண்டித்தனம் என்று கண்டித்தமையால், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் சென்னை அரசாங்கம் அதனை நிறுத்த முயன்றது. சிற்சில இடங்களில் மனிதனுக்குப் பதிலாக ஒரு பொம்மையைச் சுழற்றினார்கள். சிற்சில இடங்களில் கொக்கியோடு தேரிழுக்கும் வழக்கமாக அது உருமாறியது. 1891-இல் மதுரைப் பக்கத்துச் சோழவந்தானில் பழைய முறையே மீண்டும் தலையெடுத்தது. தென்னாற்காட்டுப் பக்கத்து மாரியம்மன் கோயில்களில் செடல் என்ற பெயரோடே திருவிழா இன்றளவும் நடைபெறுகிறது. வளைய வேண்டிய இடத்தில் வளைந்து, நேர்ந்துகொண்ட கடனை மட்டும் விடாமல் காத்த இந்தப் போக்கிலே கோழைத்தனம் ஒன்றும் இல்லை.

வெளியார் நிந்தையைக் காட்டிலும் உள்ளிருந்து எழுந்த கண்டனமே கிராம தேவதைகளுக்குக் கடினமாக அமைந்தது. 1854-இல் சைவதூஷணபரிகாரம் எழுதி மிஷனாரின் ஆட்சேபங்களுக்கு வேதாகமப் பிரமாணங்களால் விடையிறுத்த யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், உயிர்ப்பலி கொள்ளும் சிறுதெய்வ வழிபாடு சைவருக்குத் தகாது என்று அதே உறுதியோடு கடிந்தார். சைவத்தைக் காத்த அந்த எழுதுகோல் மாடனையும் காட்டேரியையும் காக்க முன்வரவில்லை. கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே வடலூரில் 1872-இல் சத்திய ஞான சபையை நிறுவிய இராமலிங்க வள்ளலாரோ, பலிக்குக் கொண்டுபோகப்படும் ஆட்டையும் கோழியையும் கண்டு உள்ளம் நடுங்கியவர். அவருடைய ஜீவகாருண்யத்தின் முன்னே, பகைவனுக்குச் சொல்லும் விடை எதுவும் செல்லாது. அதற்குக் கிராமங்கள் கண்ட வழி சமரசம். ஐயனார் சைவர், ஆடு கொள்பவன் அவர் காவலனாகிய கருப்பனே என்று வகுத்து, பலி நடக்கும் வேளையில் ஐயனார் சந்நிதியில் திரையிடும் வழக்கம் தமிழ்நாட்டின் பல ஊர்களில் உண்டு. குங்குமம் தோய்த்த பூசணிக்காயையும் எலுமிச்சம்பழத்தையும் பலியாகக் கொள்ளும் அம்மன் கோயில்களும் பல.

சமரசத்துக்கு இடமின்றி அரசாங்கச் சட்டமே எதிர்நின்ற காலமும் வந்தது. பொது வழிபாட்டிடங்களிலே உயிர்ப்பலியைத் தடுக்கும் சென்னைச் சட்டம் 1950-இல் இயற்றப்பட்டு, அரை நூற்றாண்டுக் காலம் பெரும்பாலும் ஏட்டளவிலே கிடந்தது. 2003 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசு அதனைக் கண்டிப்பாக நிறைவேற்றுமாறு அதிகாரிகளுக்கு உத்தரவிட்டபோது, கிராமங்களில் திருவிழாக்கள் தடைப்பட்டன. கிடா வெட்டுதல் வெறும் உணவு அன்று, குலத்தார் கூடிப் பந்தி உண்ணும் உறவுமுறை என்றும், ஆகம மரபின் அளவுகோலால் நாட்டார் தெய்வங்களை அளக்கலாகாது என்றும் பண்பாட்டாய்வாளரும் கட்சியினரும் பூசாரிகளும் வாதிட்டனர். 2004 பிப்ரவரியில் அவசரச் சட்டத்தால் அச்சட்டம் ரத்து செய்யப்பட்டது. நூலில்லாத சமயம் ஒன்று, தெருவிலும் தேர்தல் களத்திலும் தன் குரலைக் கேட்கச் செய்த அபூர்வ நிகழ்ச்சி இது. பலியை விரும்பாதவர்களும்கூட, பாமரர் வழிபாட்டை மேலிருந்து ஓர் ஆணையால் திருத்திவிடலாம் என்ற எண்ணம் தோற்றதில் உள்ள நியாயத்தை உணர்வார்கள்.

நீதிமன்றம் தந்த பாதுகாப்பு ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1953 மே மாதத்தில் ஈ. வெ. ராமசாமிப் பெரியார் திருச்சியில் களிமண் பிள்ளையார் உருவத்தை உடைத்ததன்மேல் தொடரப்பட்ட வழக்கில், பிரதிஷ்டை செய்யப்படாத மண்பொம்மை புனிதப் பொருள் ஆகாது என்று கீழ்நீதிமன்றங்கள் கருதின. 1958 ஆகஸ்டு 25-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், காலம் கடந்துவிட்டமையால் மேல்விசாரணைக்கு உத்தரவிட மறுத்தபோதிலும், எவ்வளவு அற்பமான பொருளாயினும் ஒரு வகுப்பார் அதைப் புனிதமாகக் கொண்டிருப்பின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295-ஆம் பிரிவு அதற்கும் பொருந்தும் என்று தெளிவாக உரைத்தது. வேப்பமரத்தடியிலே மஞ்சள் பூசி நட்ட செங்கல்லுக்கும், வயல் வரப்பிலே நிற்கும் நடுகல்லுக்கும் ஆகமக் கோயில் மூர்த்திக்கு இணையான சட்ட மதிப்பைத் தந்த இத்தீர்ப்பை, கிராம தேவதை வழிபாட்டினர் போதிய அளவு அறிந்திருக்கவில்லை என்பது எம் அபிப்பிராயம்.

உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நிகழும் கூத்தாண்டவர் திருவிழா, தற்காப்பின் மிக உருக்கமான உதாரணம். பாரதப் போருக்கு முன் களப்பலியாகத் தன்னைத் தந்த அரவானாகிய கூத்தாண்டவருக்கு, கிருஷ்ணன் மோகினியாகி ஒருநாள் மனைவியானான் என்னும் ஐதிகத்தின்படி, நாட்டின் பல பாகங்களிலிருந்தும் திருநங்கையர் வந்து பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கின்றனர்; நேர்ந்துகொண்ட உள்ளூர் ஆண்களும் சிறுவரும்கூடக் கட்டிக்கொள்வது உண்டு. மறுநாள் அரவான் பலியானபின் தாலியறுத்து, வளையுடைத்து, வெள்ளையுடுத்தி ஓலமிடுகின்றனர். ஊரும் குடும்பமும் வழங்க மறுத்த மனைவி என்னும் மரியாதையை இத்தெய்வம் வழங்கியமையால், கேலியும் போலீஸ் கெடுபிடியும் மலிந்திருந்த காலத்திலும் அவர்கள் வருகை நிற்கவில்லை. தமிழ்நாட்டு அரசு 2008-இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்ததற்கும், உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15-இல் மூன்றாம் பாலினத்தை ஏற்றதற்கும் நெடுங்காலம் முன்பே, ஒரு குடியானவர் கோயில் அவர்களை ஏற்றிருந்தது.

ஆயினும், மரபைக் காத்தல் என்ற பெயரால் சொந்த ஊராரையே வெளியே நிறுத்துவதும் நடக்கிறது. பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதி திரௌபதியம்மன் கோயில், பட்டியல் சாதியார் நுழைவதைப் பற்றி எழுந்த தகராற்றால் 2023 ஜூனில் அதிகாரிகளால் பூட்டி முத்திரையிடப்பட்டது. வெளியார் நிந்தைக்கு எதிராகச் சொல்லப்படும் எந்த நியாயமும் இதற்குப் பொருந்தாது.

பிற இடங்களின் தற்காப்போடு இதனை ஒப்பிட்டும் பார்க்கலாம். ஐரோப்பாவில் பழைய தெய்வ வழிபாடு பல நூற்றாண்டுகள் அறுபட்டுக் கிடந்து புதிதாகத் தொடங்கியமையால், அங்குள்ளோர் தற்காப்பு பதிவேட்டையும் நீதிமன்றத்தையும் நாடிற்று. பிரிட்டனில் சூனியச் சட்டம் 1951-இல் நீங்கியபின் ஜெரால்டு கார்ட்னர் 1954-இல் தம் நெறியை வெளிப்படையாக எழுதினார். ஐஸ்லாந்தில் 1972-இல் தோன்றிய ஆசாத்ரு சங்கம் மறு ஆண்டிலேயே அரசாங்க அங்கீகாரம் பெற்றது. லிதுவேனியாவின் ரோமுவா சமூகம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் 2021-இல் வென்று, 2024-இல் நாடாளுமன்றத்தின் அங்கீகாரத்தை அடைந்தது. நம் நாட்டிலும் மலைக்குடிகள் சிலர் ஸ்தாபனம் அமைத்தே நிலைத்தனர். கிறிஸ்தவப் பள்ளிகள் செழித்த ஷில்லாங்கில் காசி என்னும் மலைக்குடியின் இளைஞர்கள் 1899-இல் செங் காசி சங்கத்தை நிறுவினர். அருணாசலப் பிரதேசத்தில் 1986-இல் தாலோம் ருக்போ தோனி-போலோ நெறிக்குப் பிரார்த்தனை மண்டபமும் துதிப்பாடல்களும் வகுத்தார். சர்ணா நெறியைக் குடிக்கணக்கில் தனிச் சமயமாகப் பதிய வேண்டும் என்று ஜார்க்கண்ட் சட்டமன்றம் 2020 நவம்பரில் தீர்மானித்தது.

கல்வராயன் மலைக்கு இவற்றுள் மிகவும் அணுக்கமானது ஒடிசாவின் நியமகிரி வழக்கே. பாக்சைட்டுச் சுரங்கத்துக்காகக் கேட்கப்பட்ட அம்மலை டோங்கிரியா கோண்டு மக்களின் நியமராஜா உறையும் இடம் என்ற வாதத்தைக் கேட்ட உச்ச நீதிமன்றம், 2013 ஏப்ரல் 18-ஆம் நாள், வனவாசிகளின் சமய உரிமையையும் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ்க் கிராம சபைகளே ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்று பணித்தது. கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. மலையாளிகளும் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்களே. அந்த வன உரிமைச் சட்டம் கரியராமர் மலைக்கும் அவ்வாறே பொருந்தும்.