நகலுக்கென்று ஒரு பெயர்: லினக்ஸ் டெம்ப்ளேட் வந்த வழி

2000ஆம் ஆண்டில் டேவிட் பாயஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஓர் ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் லினக்ஸ் சர்வர்களை அடுக்கிக்கொண்டே போனார். ஒரே இயந்திரத்துக்குள் எத்தனை லினக்ஸ் ஒரே சமயத்தில் ஓடும் என்று பார்த்துவிடுவதென்ற தீர்மானம். 41,400 சர்வர்கள் ஆனதும் இயந்திரத்தின் வளங்கள் தீர்ந்து சோதனை நின்றது. ஒரு லினக்ஸை நிறுவ அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், இத்தனையையும் ஒருவர் கையால் நிறுவ இரவு பகலாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஒன்றை ஒழுங்காகத் தயார் செய்து, மற்றவற்றை அதிலிருந்து நகலெடுத்தால்தான் இது நடக்கும்.

இன்று உலகின் பெரிய தரவு மையங்களில் அன்றாடம் நடப்பது இதுதான். ஒரு லினக்ஸை நிறுவி, தேவையான மென்பொருள்களை ஏற்றி, பாதுகாப்புத் திருத்தங்களைச் சேர்த்து, துடைத்து, பூட்டி வைக்கிறார்கள். டெம்ப்ளேட் என்றும் கோல்டன் இமேஜ் என்றும் அதற்குப் பெயர். புதிய சர்வர் வேண்டுமென்றால் அதிலிருந்து ஒரு குளோன். மனிதக் கை படாமல் சில நிமிடங்களில் வேலை முடிகிறது.

இந்த வழக்கத்தின் வரலாற்றில் நகலெடுப்பது பெரிய சிக்கலாக இருந்ததே இல்லை. ஒன்றுபோல் இருக்கும் நூறு நகல்களை, தான் யார் என்று தனித்தனியே அறிந்த நூறு சர்வர்களாக எழுப்புவதுதான் முப்பது ஆண்டுகளாகப் பொறியாளர்களைப் படுத்திவருகிறது.

ஒரு கணினிக்குள் பல கணினிகள் என்ற எண்ணம் லினக்ஸை விட ஒரு தலைமுறை மூத்தது. 1964இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில், ஐபிஎம் ஆய்வு மையமொன்றில், ராபர்ட் கிரீஸி தலைமையிலான குழு சிபி-40 என்ற மென்பொருளை எழுதத் தொடங்கியது. 1967இல் அது பயன்பாட்டுக்கு வந்தபோது சிஸ்டம்/360 வகைக் கணினி ஒன்று 14 கணினிகளாகப் பிரிந்து நின்றது. ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் நினைவகம். ஒவ்வொரு பயனருக்கும் முழு இயந்திரமும் தனக்கே சொந்தம் என்ற தோற்றம். 1972இல் ஐபிஎம் இதன் வழித்தோன்றலான விஎம்/370ஐ விற்பனைக்கு அறிவித்தது. பாயஸின் சோதனை இந்தக் குடும்ப மென்பொருளின் மேல்தான் நடந்தது.

ஆனால் 1990களில் உலகம் மெயின்ஃப்ரேமை விட்டு இன்டெல் சில்லுப் பெட்டிகளுக்கு நகர்ந்துவிட்டிருந்தது. அந்தச் சில்லுகள் இப்படிப் பிரித்துக்கொடுக்க ஏற்றவையாக இல்லை. பென்டியம் சில்லின் ஆணைகளில் 17, ஒரு கணினியை இப்படிப் பலவாகக் காட்டும் மெய்நிகராக்கத்துக்கு இடையூறானவை என்று 2000இல் ராபின், இர்வைன் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கெடுத்துக் காட்டினார்கள். ஆகவே ஒரு சர்வர் என்றால் ஒரு பெட்டி. ஐம்பது சர்வர் வேண்டுமென்றால் ஐம்பது பெட்டி, ஐம்பது முறை சிடி போட்டு நிறுவும் வேலை.

இந்தச் சலிப்பிலிருந்து இரண்டு வழிகள் பிறந்தன.

முதல் வழி நியூசிலாந்தின் ஆக்லாந்தில் தொடங்கியது. பைனரி ரிசர்ச் என்ற நிறுவனத்தில் முர்ரே ஹஸார்ட் 1990களின் நடுவில் எழுதிய கோஸ்ட் என்ற மென்பொருள், ஒரு கணினியின் டிஸ்க்கை அப்படியே எடுத்து இன்னொன்றில் இறக்கியது. 1998இல் சைமன்டெக் அந்த நிறுவனத்தை வாங்க, கல்லூரி ஆய்வகங்களிலும் அலுவலகங்களிலும் கோஸ்ட் பரவியது. கூடவே ஒரு கவலையும் பரவியது. விண்டோஸ் என்.டி. நிறுவப்படும்போது தனக்கென ஒரு பாதுகாப்பு எண்ணை உருவாக்கிக்கொள்ளும். டிஸ்க்கை நகலெடுத்தால் அந்த எண்ணும் சேர்ந்தே நகலாகும். அதை மாற்றவென்றே தனிக் கருவிகள் வந்தன. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் எழுதிய நியூஎஸ்ஐடி அவற்றில் பேர்போனது. 2009இல் ருசினோவிச்சே அந்தக் கருவியை நிறுத்தினார். கணினி எண் இரட்டிப்பதால் எல்லோரும் அஞ்சிய தீங்கு ஏதும் நேர்வதில்லை என்று ஆராய்ந்து எழுதிவிட்டுத்தான் நிறுத்தினார். விண்டோஸில் அச்சம் மிகையாக இருந்திருக்கலாம். லினக்ஸில் அப்படி இல்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

இரண்டாவது வழி லினக்ஸ் உலகத்தினுடையது. நிறுவல் நிரல் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்துவிடுவது. 1990களின் பிற்பாதியில் ரெட் ஹாட் தந்த கிக்ஸ்டார்ட் இப்படிப்பட்டது: எந்த மொழி, டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது, எந்தெந்தப் பொதிகள், முடிந்தபின் என்ன செய்வது, எல்லாம் ஒரே கோப்பில். 1999இல் ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லாங்கே, முழுத் தானியங்கி நிறுவல் என்ற பொருள்பட எஃப்ஏஐ என்ற கருவியைத் தொடங்கினார். அதே ஆண்டு இன்டெல் பிஎக்ஸ்இ விவரக்குறிப்பின் 2.1 பதிப்பை வெளியிட்டது. அதன்படி அமைந்த கணினி, சிடியே இல்லாமல், வலைப்பின்னல் வழியே நிறுவல் நிரலை இழுத்துக்கொண்டு எழுந்தது.

கோஸ்ட் சமைத்த சோற்றைப் பரிமாறியது. கிக்ஸ்டார்ட் பக்குவக் குறிப்பைக் கொடுத்து ஒவ்வோர் அடுப்பிலும் புதிதாகச் சமைக்கச் சொன்னது. முதலாவது வேகமானது, ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று செய்தவருக்கு மட்டுமே தெரியும். இரண்டாவது மெதுவானது, ஆனால் யாரும் படித்துப் பார்த்துத் திருத்தலாம். இந்த இழுபறி பல ஆண்டுகள் நீடித்தது. 1998இல் ஸ்டீவ் ட்ராகாட்டும் ஜோயல் ஹடில்ஸ்டனும் சிஸ்டம் அட்மின்களின் லிசா மாநாட்டில் ஒரு கட்டுரை படித்தார்கள். நிறுவனத்தின் கணினிகள் அனைத்தையும் ஒரே பெரிய இயந்திரமாகக் கருதி, அதற்கு மூலமாக ஒரு கோல்டு சர்வரை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வாதம். கையால் பராமரிக்கப்படும் சர்வர்கள் நாளாக நாளாக ஒன்றுக்கொன்று விலகிப்போகும் என்பது அட்மின்கள் எல்லோரும் பட்டு அறிந்த துன்பம். அதைக் கோட்பாடாக எழுதி வைத்தவர்கள் என்ற முறையில் இவர்களுக்குத் தொழில் இன்றும் கடன்பட்டிருக்கிறது.

விஎம்வேர் 1998இல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்டது. டயான் கிரீன், மெண்டல் ரோசன்ப்ளம் உள்ளிட்ட ஐவர் நிறுவனர்கள். இன்டெல் சில்லின் அந்த முரட்டு ஆணைகளை ஓட்டத்தின்போதே மாற்றி எழுதும் உத்தியால், முடியாது என்று கருதப்பட்டதைச் செய்து காட்டினார்கள். 1999இல் மேசைக் கணினிக்கும் 2001இல் சர்வருக்கும் மென்பொருள் வந்தது. 2003இல் வந்த விர்ச்சுவல்சென்டர், பல சர்வர்களை ஒரே திரையிலிருந்து ஆளவும், ஒரு மெய்நிகர் இயந்திரத்தை டெம்ப்ளேட்டாக வைத்துக்கொண்டு அதிலிருந்து புதியவற்றை இறக்கவும் வழி செய்தது. டிஸ்க் என்பதே இப்போது ஒரு கோப்பு. நகலெடுக்க கோஸ்ட்கூடத் தேவையில்லை.

அப்போதுதான் லினக்ஸ் அட்மின்கள் நகலின் வினோதங்களை நேருக்கு நேர் சந்தித்தார்கள்.

மிகவும் பழகிப்போன வினோதம் வலை அட்டையின் பெயர். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 6 காலத்தில், யூடெவ் என்ற பகுதி, வலை அட்டையின் வன்முகவரியைப் பார்த்து அதற்கு ஈத்0 என்று பெயரிட்டு ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். குளோன் எடுத்தால் மெய்நிகர் வலை அட்டைக்குப் புதிய முகவரி கிடைக்கும். குளோன் எழுந்ததும் கோப்பைப் பார்க்கிறது. ஈத்0 வேறோர் அட்டையின் பெயர் என்று அங்கே எழுதியிருக்கிறது. ஆகவே தன் அட்டைக்கு ஈத்1 என்று பெயர் வைக்கிறது. ஐபி அமைப்புகளோ ஈத்0 பெயரில் இருக்கின்றன. விளைவு, சர்வர் ஓடுகிறது, வலையில் இல்லை. டெம்ப்ளேட்டைப் பூட்டும் முன் அந்தக் கோப்பை அழித்துவிட வேண்டும் என்ற தீர்வு அட்மின்களின் நாட்குறிப்புகளில் பல ஆண்டுகள் முதல் வரியாக இருந்தது.

பிறகு, லினக்ஸ் எழும்போது அதன் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி வந்தது. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் 32 எழுத்து கொண்ட மெஷின்-ஐடி என்ற அடையாளம் நிலைபெற்றது. அதன் வலைப்பகுதி, டிஎச்சிபி சர்வரிடம் ஐபி கேட்கும்போது வன்முகவரிக்குப் பதில் மெஷின்-ஐடியிலிருந்து பெறப்பட்ட எண்ணைச் சொல்லும். இந்த முறை 2018இல் உபுண்டு 18.04 வழியாகப் பரவலானபோது, ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து வந்த குளோன்கள் அனைத்தும் ஒரே ஐபியைப் பெற்று மோதிக்கொண்டன. வன்முகவரிகள் வேறுவேறு என்று திரும்பத் திரும்பச் சரிபார்த்தவர்களுக்குக் காரணம் பிடிபடவில்லை. மெஷின்-ஐடி கோப்பை வெறுமையாக்கி விடுவதே மருந்து. முதல் முறை எழும்போது இயந்திரம் புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும்.

இவை எரிச்சல்கள். எஸ்எஸ்எச் சாவி அப்படியல்ல, ஆபத்து. 1995இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாடு இலோனன், தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உருவாக்கிய எஸ்எஸ்எச், ஒவ்வொரு சர்வருக்கும் தனிச் சாவி இருக்கும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. டெம்ப்ளேட்டில் அந்தச் சாவி தங்கிவிட்டால் எல்லாக் குளோன்களுக்கும் ஒரே சாவி. ஒன்றின் உள்ளே நுழைந்தவர் மற்றவற்றின் வேடத்தையும் போட முடியும். 2012இல் நாடியா ஹெனிங்கர் என்ற ஆய்வாளரும் அவரது சகாக்களும் இணையம் முழுவதையும் துழாவி, எஸ்எஸ்எச் சர்வர்களில் 9.60 விழுக்காடு, ஆபத்தெனத் தோன்றும் விதத்தில் சாவியைப் பகிர்ந்துகொள்வதைக் கண்டார்கள். அவற்றில் சிறு சாதனங்கள் ஏராளம் என்றாலும், எச்சரிக்கை டெம்ப்ளேட் செய்பவர்களுக்கும் பொருந்தியது.

இந்தத் துடைப்பு வேலைகளை ஒரே கருவியில் அடக்கியது விர்ட்-சிஸ்பிரெப். ரெட் ஹாட்டின் ரிச்சர்ட் ஜோன்ஸ் வளர்த்த லிப்கெஸ்ட்எஃப்எஸ் திட்டத்தின் பகுதி அது. இயந்திரத்தை ஓடவிடாமலேயே அதன் டிஸ்க் கோப்பைத் திறந்து சாவிகள், பதிவேடுகள், மெஷின்-ஐடி, யூடெவ் கோப்பு எல்லாவற்றையும் நீக்கும். இந்தத் தொழிலின் அனுபவம் முழுவதும் அந்தக் கருவியின் நீக்கல் பட்டியலில் படிந்திருக்கிறது என்றால் மிகையில்லை. ஒவ்வொரு வரிக்குப் பின்னும் யாரோ ஒருவரின் தூக்கமில்லாத இரவு இருக்கும்.

இடையில் அமேசான் ஆட்டத்தையே மாற்றிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கிறிஸ் பிங்க்ஹாம் தலைமையில் உருவான இசி2 சேவை 2006 ஆகஸ்டில் சோதனைக்குத் திறக்கப்பட்டது. மணிக்கு 10 சென்ட் கொடுத்தால் ஒரு லினக்ஸ் சர்வர். தொடக்கத்தில் அந்தச் சர்வரை நிறுத்தினால் அதன் டிஸ்க்கும் மறைந்துபோகும். நிலையாக இருந்தது ஏஎம்ஐ என்ற இமேஜ் மட்டுமே. அதுவரை சர்வர் நிரந்தரம், டெம்ப்ளேட் ஒரு வசதி. இப்போது டெம்ப்ளேட் நிரந்தரம், சர்வர் வந்துபோவது.

ஆனால் ஒரே இமேஜை ஆயிரம் முன்பின் தெரியாதவர்கள் எடுக்கும்போது அடையாளம் எங்கிருந்து வரும்? அமேசான் கண்ட வழி அழகானது. எழுந்த சர்வர் 169.254.169.254 என்ற முகவரியைக் கூப்பிட்டு, தன் பெயர் என்ன, தன் உரிமையாளரின் பொதுச்சாவி எது என்று கேட்கும். அந்த முகவரி ஒவ்வொரு சர்வருக்கும் அதற்குரிய பதிலைத் தரும். இந்தக் கேள்வி பதிலை ஒழுங்குபடுத்த உபுண்டுவின் தாய் நிறுவனமான கனோனிகலில் எழுதப்பட்டதே கிளவுட்-இனிட். ஸ்காட் மோசர் அதை நெடுங்காலம் வளர்த்தார். இன்று அமேசானைத் தாண்டி ஏறக்குறைய எல்லா மேகச் சேவைகளிலும், அலுவலக மூலையில் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மெய்நிகராக்க மென்பொருளுடன் ஓடும் பெட்டியிலும்கூட, அதுதான் குளோனின் முதல் விழிப்பைக் கவனிக்கிறது.

இமேஜ்களைப் பொதுவில் பகிரும் பழக்கம் இன்னொரு பாடம் கற்பித்தது. 2012இல் மார்கோ பல்டுட்ஸி என்ற ஆய்வாளரும் சகாக்களும் அமேசானில் பொதுவில் கிடந்த 5,000க்கு மேற்பட்ட இமேஜ்களை ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில், தயாரித்தவர் மறந்து விட்டுச்சென்ற சாவியோ கடவுச்சொல்லோ இருந்தது. அழிக்கப்பட்ட கோப்புகளையும் மீட்க முடிந்தது.

2013 ஜூனில் மிட்செல் ஹாஷிமோட்டோ வெளியிட்ட பேக்கர் என்ற கருவி, சமைத்த இமேஜா பக்குவக் குறிப்பா என்ற பழைய இழுபறியை ஒரு வகையில் தீர்த்து வைத்தது. குறிப்பு ஒரு கோப்பில் இருக்கும். அதைப் படித்துப் பேக்கர் ஓர் இயந்திரத்தை எழுப்பும், கிக்ஸ்டார்ட் கோப்பையே கொடுத்து நிறுவும், மென்பொருள்களை ஏற்றும், துடைக்கும், இமேஜாக்கி வைக்கும். இமேஜின் வேகமும் கிடைத்தது, உள்ளே என்ன இருக்கிறதென்ற தெளிவும் கிடைத்தது. அதே ஆண்டு நெட்ஃபிளிக்ஸ், தன் ஏஎம்ஐகளைத் தயாரிக்கும் அமினேட்டர் கருவியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. ஓடும் சர்வரைத் திருத்தாதே, புதிய இமேஜ் செய்து பழையதை எடுத்துவிடு என்ற நடைமுறை அப்போது வேரூன்றியது. விலகிப்போகும் சர்வர்களைப் பற்றி ட்ராகாட் பட்ட கவலைக்கு இதைவிட நேரான பதில் அதுவரை வந்ததில்லை.

அடையாளச் சிக்கல் மட்டும் தீர்ந்தபாடில்லை. விஎம்வேர் நிறுவனர் ரோசன்ப்ளமே 2005இல் டால் கார்ஃபிங்கலுடன் எழுதிய கட்டுரையில், ஒரு மெய்நிகர் இயந்திரத்தைப் பழைய நிலைக்குத் திருப்பினால் அதன் ரகசிய எண்களும் திரும்பி வரும் என்று எச்சரித்திருந்தார். 2010இல் ரிஸ்டன்பார்ட், யிலெக் என்ற இரு ஆய்வாளர்கள் அதைச் செயலில் நிரூபித்தார்கள். டிஸ்க்கைத் துடைக்கலாம், ஓடிக்கொண்டிருக்கும் நினைவகத்தையே நகலெடுத்தால் எதைத் துடைப்பது? 2012இல் மைக்ரோசாஃப்ட், இயந்திரம் நகலாகும்போதெல்லாம் மாறும் 128 பிட் எண் ஒன்றை அறிமுகப்படுத்தியது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு அதைக் கவனிக்கும் நிரலை ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதினார். 2022இல் வந்த 5.18 பதிப்பில் அது சேர்ந்தது. எண் மாறியதைக் கண்டதும் கர்னல் தன் சமவாய்ப்பு எண் ஊற்றைப் புதுப்பித்துக்கொள்ளும். அதே ஆண்டு நவம்பரில் அமேசான், நிரலை மட்டும் கொடுத்தால் ஓட்டித்தரும் தன் லாம்டா சேவையில் ஜாவா நிரல்களை நினைவக நகலிலிருந்து எழுப்பும் ஸ்னாப்ஸ்டார்ட் வசதியைக் கொண்டுவந்தது. நிரல் தனக்குள் ஏற்கெனவே எடுத்து வைத்துக்கொண்ட எண்கள் கர்னலின் கைக்கு எட்டாதவை. எனவே தொடக்கத்தில் உருவாக்கிய தனி எண்களை மீண்டெழுந்த பிறகு புதிதாக உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்று அதன் கையேடு நிரலாளர்களுக்குச் சொல்கிறது.