தொடக்ககாலத் தேடுபொறிகளும் வலைவாசல்களும்

1990களில் உலகளாவிய வலையில் தகவலைக் கண்டடைய இரண்டு வழிகள் உருவாயின. ஒன்று, மனிதர்கள் தளங்களைப் பார்த்துப் பொருள்வாரியாகத் தொகுத்த அடைவு. மற்றொன்று, கணினி நிரல் தானே பக்கங்களைத் திரட்டி, சொற்களைக் கொண்டு தேட உதவிய தேடுபொறி. முன்னதை ஒரு நூலின் பொருளடக்கத்துக்கும், பின்னதை அதன் இறுதியில் வரும் சொல்லடைவுக்கும் ஒப்பிடலாம். பத்தாண்டு முடிவதற்குள் இவ்விரு வகைத் தளங்களில் பெரும்பாலானவை வலைவாசல் என்ற ஒரே வடிவத்துக்கு மாறின. அந்த மாற்றமே அவற்றில் பலவற்றின் வீழ்ச்சிக்கும் வழிவகுத்தது.

முன்னோடிகள்

வலை பரவுவதற்கு முன்பே, 1990இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் ஆர்ச்சி என்ற கருவியை உருவாக்கினார். பொதுக் கோப்பு வழங்கிகளில் இருந்த கோப்புகளின் பெயர்களை மட்டுமே அது தேடியது. 1993 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் பிளெட்சர் உருவாக்கிய ஜம்ப்ஸ்டேஷன், வலைப்பக்கங்களின் தலைப்புகளைத் தேட வழிசெய்தது. பக்கத்தின் முழு உரையையும் தேடும் வசதியை 1994 ஏப்ரலில் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர் பிரையன் பிங்கர்டனின் வெப்கிராலர் கொண்டுவந்தது. அதே ஆண்டு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் லைகோஸ் தோன்றியது. ஓநாய்ச் சிலந்திக் குடும்பத்தின் அறிவியல் பெயரிலிருந்து அதன் பெயர் எடுக்கப்பட்டது.

அடைவும் சொல்லடைவும்

1994இன் தொடக்கத்தில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான ஜெரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் தமக்குப் பிடித்த தளங்களைப் பட்டியலிடத் தொடங்கினர். அந்தப் பட்டியலே யாகூவாக வளர்ந்து, 1995 மார்ச்சில் நிறுவனமாயிற்று. தளங்களை வகைப்படுத்தும் பணியை ஸ்ரீனிஜா ஸ்ரீனிவாசன் வழிநடத்தினார். ஒரு தளம் எந்தப் பிரிவில் சேரும் என்பதை ஊழியர்களே பார்த்து முடிவு செய்தனர். இதனால் பட்டியலின் தரம் காக்கப்பட்டது. ஆனால் வலை வளர்ந்த வேகத்துக்கு மனித உழைப்பால் ஈடுகொடுக்க முடியவில்லை.

1995 டிசம்பரில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் அல்டாவிஸ்டாவை வெளியிட்டது. ஏறத்தாழ 1.6 கோடி பக்கங்களின் முழு உரையை அதில் தேட முடிந்தது. அந்நிறுவனத்தின் தொழில் கணினி விற்பனை. தன் ஆல்ஃபா கணினிகளின் ஆற்றலை உலகுக்குக் காட்டும் வாய்ப்பாகவே அது தேடலைக் கருதியது. அல்டாவிஸ்டாவின் சிக்கல் வரிசைப்படுத்துவதில் இருந்தது. கேட்ட சொல் எத்தனை முறை, எங்கே வருகிறது என்பதைப் பெரிதும் சார்ந்திருந்த அக்காலத் தேடுபொறிகளை, ஒரே சொல்லைப் பலமுறை எழுதி வைத்த தளங்கள் எளிதில் ஏமாற்றின.

ஆகவே இரண்டும் ஒன்றையொன்று நாடின. யாகூவின் அடைவில் கிடைக்காததை 1996 முதல் அல்டாவிஸ்டாவின் முடிவுகள் நிரப்பின.

வலைவாசலாக மாறுதல்

அக்காலத் தளங்களின் முதன்மை வருவாய் பதாகை விளம்பரம். எத்தனை முறை காட்டப்பட்டது என்ற கணக்கில் அதற்குப் பணம் கிடைத்தது. நன்றாகத் தேடித் தரும் தளத்திலிருந்து பயனர் சில நொடிகளில் வெளியேறிவிடுவார். அதாவது, தேடல் சிறக்கச் சிறக்க விளம்பரம் காட்டும் வாய்ப்புக் குறையும். எனவே பயனரைத் தங்க வைக்க மின்னஞ்சல், செய்தி, வானிலை, பங்கு விலை, அரட்டை, விளையாட்டு ஆகியவை சேர்க்கப்பட்டன. 1997இல் யாகூ, ராக்கெட்மெயில் சேவையை நடத்திய ஃபோர்11 நிறுவனத்தை வாங்கியது. 1999இல் டிஸ்னியும் இன்ஃபோசீக்கும் இணைந்து கோ என்ற வலைவாசலைத் தொடங்கின. அதே ஆண்டு அல்டாவிஸ்டாவும் வலைவாசலாக மாற்றப்பட்டது. தேடல் பெட்டி பல சேவைகளுள் ஒன்றாகச் சுருங்கியது.

கூகுளின் வருகை

1998இல் லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அன்றைய நிலையைச் சுட்டிக்காட்டியது. முதல் நான்கு வணிகத் தேடுபொறிகளில், தன் பெயரைக் கொடுத்தால் முதல் பத்து முடிவுகளுக்குள் தன்னையே காட்டியது ஒன்று மட்டுமே என்று அது குறிப்பிட்டது. அவர்களுடைய பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்புகளை வாக்குகளைப் போலக் கொண்டு, வாக்களிக்கும் பக்கத்தின் மதிப்பையும் கணக்கில் சேர்த்தது. யாகூவின் ஊழியர்கள் செய்த தேர்வை இங்கே இணைப்புக் கொடுத்த ஒவ்வொரு பக்க ஆசிரியரும் செய்தார். அடைவின் மனித மதிப்பீடும் தேடுபொறியின் பரப்பும் இவ்வாறு ஒன்றிணைந்தன.

2000 ஜூனில் யாகூவே தன் தேடலுக்குக் கூகுளைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில், தேடிய சொல்லுக்கு ஏற்ற எழுத்து விளம்பரங்களை நிறுவனங்கள் தாமே பதிவு செய்யும் முறையைக் கூகுள் தொடங்கியது. பயனர் உடனே வெளியேறினாலும் வருவாய் கிடைத்ததால், அவரைத் தங்க வைக்கும் கட்டாயம் அத்தளத்துக்கு இல்லாமல் போயிற்று.

வீழ்ச்சி

எக்சைட் தளத்தை நடத்திய எக்சைட் அட்ஹோம் நிறுவனம் 2001இல் திவாலானது. 2000இல் 1,250 கோடி டாலர் மதிப்பில் விற்பனை அறிவிக்கப்பட்ட லைகோஸ், 2004இல் 10 கோடி டாலருக்கும் குறைவாகக் கைமாறியது. அல்டாவிஸ்டா 2013 ஜூலையிலும், யாகூ அடைவு 2014 இறுதியிலும் மூடப்பட்டன. எனினும் தென்கொரியாவில் நேவரும், ஜப்பானில் யாகூ ஜப்பானும் வலைவாசல்களாகவே நிலைத்தன.

தமிழ்ப் பக்கங்கள்

தொடக்ககாலத் தேடுபொறிகளின் பயன் தமிழுக்கு முழுமையாகக் கிட்டவில்லை. ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ்த் தளங்கள் திஸ்கி, டாப், டாம் எனப் பல குறியாக்கங்களில் எழுதப்பட்டன. ஒரே தமிழ்ச் சொல் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு எண்களாகப் பதிவானதால், ஒரு முறையில் தட்டிய சொல்லைக் கொண்டு மற்றொரு முறையில் எழுதிய பக்கத்தைக் கண்டுபிடிக்க இயலவில்லை. மனிதர்கள் தொகுத்த இணைப்புப் பட்டியல்களுக்கு இந்தத் தடை இல்லை. தளத்தின் பெயரையும் விவரக்குறிப்பையும் படித்தே அதை அடைய முடிந்தது. ஒருங்குறி பரவிய பின்னரே தமிழ் வலைக்கும் பொதுவான சொல்லடைவு வாய்த்தது.

மதிப்பீடு

அடைவில் தளங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார், எந்தப் பிரிவில் வைத்தார்கள் என்பது பயனருக்குத் தெரிந்தது. ஒரு தளத்தைத் தேடிச் சென்றவர் அதே பொருளில் அமைந்த அண்டைத் தளங்களையும் கண்டார். தேடுபொறி அதைவிடப் பன்மடங்கு பரப்பை அளித்தது. ஆனால் எது முதலில் வரும் என்ற முடிவு, பயனர் காணாத கணக்கீட்டுக்குள் சென்றது. பின்னாளில் மின்னஞ்சல், செய்தி, வரைபடம் எனக் கூகுளும் விரிந்தபோது, பயனரை வெளியே அனுப்புவதா, உள்ளேயே வைத்திருப்பதா என்ற பழைய கேள்வி அதன் முன்னும் எழுந்தது.