பதிவேடுகள் முன்பே சொன்ன இதயநோய்

இதயநோய் செல்வந்தருக்கும் செல்வந்த நாடுகளுக்கும் உரியது என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவ உலகில் நிலவியது. 1948இல் அமெரிக்காவின் ஃபிராமிங்கம் நகரில் இதயநோய்க்கான நெடுங்கால ஆய்வு தொடங்கியபோது, இந்தியப் பொதுச்சுகாதாரம் மலேரியாவோடும் பெரியம்மையோடும் காசநோயோடும் போராடிக்கொண்டிருந்தது. இந்தியரின் மாரடைப்பைக் கணக்கிட அவசரமும் இல்லை, வழியும் இல்லை. பிறப்பு, இறப்புப் பதிவை நாடெங்கும் கட்டாயமாக்கிய சட்டமே 1969இல்தான் வந்தது.

ஒரு நிறுவனம் மட்டும் நாடு தழுவிய கணக்கை வைத்திருந்தது: ரயில்வே. ஊழியரின் வயது, பணி, பணியிடம், மரணம் யாவும் அதன் ஏடுகளில் இருந்தன. ரயில்வே மருத்துவரான எஸ். எல். மல்ஹோத்ரா, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியரின் 1958–62 காலத்து இறப்புகளை ஆராய்ந்து 1967இல் முடிவுகளை வெளியிட்டார். பஞ்சாப் உள்ளிட்ட வடபகுதியைவிடத் தென்னிந்திய ஊழியரிடையே இதயத் தமனி நோய் ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுந்திருந்தது. நெய்யும் பாலும் உண்டு, கொழுப்பைப் பன்மடங்கு மிகுதியாக உட்கொண்டவர்களோ வடக்கத்தியர்! கொழுப்பின் வகையிலும் உண்ணும் முறையிலும் அவர் தேடிய விளக்கம் இன்று பெரிதாக ஏற்கப்படுவதில்லை. ஆயினும் அந்த எண்ணிக்கையின் மதிப்பு விளக்கத்தோடு சேர்ந்து மறைந்துவிடவில்லை. அந்த ஏட்டில் இறந்தவர் அனைவரும் பணியிலிருந்த ஆண்கள். ஓய்வுபெறும் வயதைக்கூட எட்டாதவர்கள். (பெண்களும் அமைப்புசாராத் தொழிலாளரும் அந்த ஏட்டில் இல்லை என்பதையும் மறக்கலாகாது.)

நான்காண்டுகளுக்குப் பின், 1971இல், அப்துல் ஓம்ரான் நோய்நிலை மாற்றக் கோட்பாட்டை முன்வைத்தார். கொள்ளைநோய்க் காலம் ஓய்ந்த பின்னரே நாட்பட்ட நோய்களின் காலம் வரும் என்னும் அதன் வரிசை, திட்டமிடுவோருக்கு வசதியாக இருந்தது: இதயநோய் நாளைய கவலை, இன்றைக்கு அன்று. இந்தியாவில் இரு காலங்களும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்தன. குழந்தைப் பருவத் தொண்டைத் தொற்றிலிருந்து தொடங்கும் ருமாட்டிக் இதயநோய் நீங்குமுன்பே மாரடைப்பும் பெருகியது.

வறுமைக்கும் மாரடைப்புக்கும் உள்ள உறவை வெளிப்படுத்தியதும் ஒரு பதிவேடுதான். மைசூரின் மிஷன் மருத்துவமனை ஒன்று 1934 முதல் குழந்தைகளின் பிறப்பு எடையைக் குறித்து வைத்திருந்தது. அக்குழந்தைகளை நடுவயதில் தேடிக் கண்டறிந்து ஆராய்ந்தவர்கள், எடை குறைந்து பிறந்தோரிடம் இதயத் தமனி நோய் மிகுந்திருப்பதை 1996இல் அறிவித்தனர். அரைவயிறு உண்ட தாயின் கருவறையிலேயே இந்நோய்க்கு வித்திடப்படக்கூடும் என்றானபின், அதனைச் செல்வத்தின் நோயாக மட்டும் கருத இடமில்லை.

2004இல் இரு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு வெளியானது. அதன் தரவுகளின்படி தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு நேரும் சராசரி வயது 53, பிற நாட்டவருக்கு ஏறத்தாழ 59. அதே ஆண்டில் ஸ்டீஃபன் லீடர் குழுவினரின் அறிக்கை, 35 முதல் 64 வயதினரின் இதயக் குழல்நோய் இறப்புகளால் 2000இல் இந்தியா 92 லட்சம் உழைப்பாண்டுகளை இழந்ததாகவும், 2030இல் அவ்விழப்பு 1 கோடியே 79 லட்சமாகும் என்றும் மதிப்பிட்டது. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டம் தொடங்கியது 2010இல். ரயில்வே ஏட்டின் முடிவுகள் அச்சேறி அப்போது 43 ஆண்டுகள் கடந்திருந்தன.