'அப்நாக்ஷியஸ்' என்றால் என்ன? 'நாக்ஷியஸ்' என்பதற்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

கடலூர் சிப்காட் பக்கம் போனவர்களுக்கு அந்த வாடை தெரியும். குடிகாடு, ஈச்சங்காடு கிராம மக்களுக்கு அது பல வருஷப் பழக்கம். ஆங்கிலச் செய்திகளில் இதுபோன்ற வாடையைக் குறிக்க அடிக்கடி வரும் சொல் 'அப்நாக்ஷியஸ்'. இதன் பொருள் என்ன? எங்கே பயன்படுத்தலாம்? பார்க்கலாம்.

பொருள் என்ன?

மிகவும் வெறுப்பூட்டுகிற, சகிக்க முடியாத என்று பொருள். 'அப்நாக்ஷியஸ் ஸ்மெல்' என்றால் குமட்டும் நாற்றம். மனிதர்களுக்கும் இது பொருந்தும். பஸ்ஸில் ஸ்பீக்கரை அலறவிட்டு, கேட்டால் எரிந்து விழுபவரின் நடத்தையும் 'அப்நாக்ஷியஸ்'தான்.

எங்கிருந்து வந்தது?

லத்தீனில் 'நாக்ஸா' என்றால் தீங்கு. இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது 'தீங்குக்கு ஆளாகக்கூடிய' என்றுதான் பொருள். அதாவது, பாதிக்கப்படுபவரைக் குறித்த சொல்! பிறகுதான் வெறுக்கத்தக்கதைக் குறிக்கத் தொடங்கியது. நம் 'நாற்றம்' மட்டும் என்ன? பழந்தமிழில் அது நறுமணத்தையும் குறித்தது. இப்போ மூக்கைப் பொத்த வைக்கிறது.

'நாக்ஷியஸ்' வேறயா?

ஆமாம். 'அப்நாக்ஷியஸ்' என்றால் பிடிக்கவில்லை. 'நாக்ஷியஸ்' என்றால் உடலுக்குக் கேடு. முதலாவது வெறுப்பு, இரண்டாவது ஆபத்து.

சட்டத்தில் இருப்பது இரண்டாவது சொல். பாரதிய நியாய சன்ஹிதா 280-வது பிரிவின்படி, அக்கம்பக்கத்தில் வசிப்பவர்களின் உடல்நலத்துக்குக் கேடாகும்படி காற்றை வேண்டுமென்றே கெடுப்பது குற்றம். ஆனால், அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய்தான்.

மூக்கை நம்பலாமா?

ஓரளவுக்குத்தான். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு மிக அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. 'நாத்தம் நின்னுடுச்சு, இனி பயமில்ல' என்று நினைப்பது தப்பு.

சிப்காட் பகுதி மக்கள் 2004-ல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில், எது மாதிரி வாடை வந்தது என்று பதிவு செய்யப் பயிற்சி எடுத்தார்கள். வாளிக்குள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கும் அனுப்பினார்கள்.

புகார் எழுதும்போது...

'நாற்றம் தாங்க முடியல' என்று மட்டும் எழுதினால் அது வெறுப்பாக மட்டுமே படிக்கப்படலாம். தேதி, நேரம், காற்று வீசிய திசை, எது மாதிரி வாடை, கண் எரிச்சல், இருமல், மூச்சுத்திணறல் யார் யாருக்கு வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆங்கிலத்தில் எழுதினால், 'அப்நாக்ஷியஸ்' என்பதோடு நிறுத்தாமல் 'நாக்ஷியஸ் டு ஹெல்த்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.