பைக்கில் இரட்டை ஷாக்கை கழற்றிவிட்டு மோனோ ஷாக் பொருத்தலாமா? ஒரு சின்ன பிளேட்டில் இருக்கும் பெரிய சிக்கல்

திருவனந்தபுரத்தில் இருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக போனக்காட்டுக்கு பைக்கில் போனவர்களுக்கு அந்த ரோட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. விதுராவைத் தாண்டி காட்டுக்குள் ஏற ஏற வளைவுகள், பெயர்ந்த தார், மழை அரித்த பள்ளங்கள். மேலே மூடிக் கிடக்கும் தேயிலை தொழிற்சாலை, தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் லயங்கள், அகத்தியர்கூடம் மலையேற்றம் தொடங்கும் இடம்.

பழைய பைக்கில் இரண்டு பேர் இந்த மாதிரி ரோட்டில் ஏறி இறங்கினால் பின்பக்கம் 'டங், டங்' என்று அடிக்கும். வீடு திரும்பியதும் பலருக்கும் தோன்றும் யோசனை, "ரெண்டு ஷாக்கையும் கழட்டிட்டு ஒரு மோனோ போட்டுட்டா என்ன?" என்பது. பட்டறையில் கேட்டால் பதிலும் சுலபமாக வந்துவிடும்: "ஒரு பிளேட் வெட்டி வெல்டு அடிச்சா முடிஞ்சுது, சாயங்காலம் வந்து எடுத்துக்கோங்க."

செய்ய முடியுமா என்றால், முடியும். ஆனால் அந்த ஒரு பிளேட் தாங்க வேண்டிய சுமை எவ்வளவு என்று பெரும்பாலும் யாரும் கணக்குப் போடுவதில்லை.

மோனோ ஷாக் எங்கிருந்து வந்தது?

ஒற்றை ஷாக் புதிய விஷயம் இல்லை. இன்றைய வடிவத்துக்கு வழி போட்டவர் பெல்ஜியம் நாட்டுப் பொறியாளர் லூசியன் டில்கென்ஸ். அவரது வடிவமைப்பை வாங்கிய யமஹா, 1973-ல் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை அந்த வகை பைக்கில் வென்றது. சில ஆண்டுகளில் கவாஸாகி, ஹோண்டா, சுஸுகி நிறுவனங்களும் லிங்க் வைத்த ஒற்றை ஷாக்குக்கு மாறின.

இந்தியாவில் 2004-ல் வந்த ஹோண்டா யூனிகார்ன், 2008-ல் வந்த யமஹா எஃப்இசட், ஆர்15 ஆகியவை இதை சாதாரண ஆட்களின் பைக்குக்கு கொண்டு வந்தன.

நமக்குப் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு 2016-ல் ஹிமாலயனை அறிமுகப்படுத்தியது. அந்த நிறுவனத்தின் புல்லட், கிளாசிக் எல்லாம் இரட்டை ஷாக். மோனோ ஷாக் வேண்டும் என்று முடிவெடுத்தபோது அவர்கள் கிளாசிக் ஃபிரேமில் பிளேட் வெல்டு அடிக்கவில்லை. பிரிட்டனின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் குழுவை வைத்து புது ஃபிரேம், புது ஸ்விங் ஆர்ம், ஷாக்குக்கு கீழே ஒரு லிங்க் என முழுவதையும் புதிதாக வரைந்தார்கள். பின் சக்கரம் 180 மி.மீ. மேலும் கீழும் போய்வரும். பெரிய நிறுவனமே ஃபிரேமில் இருந்து தொடங்கியது ஏன் என்பதற்கு கணக்கில் பதில் இருக்கிறது.

ஒரு டன் எங்கிருந்து வருகிறது?

பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை போன்ற பாகம்தான் ஸ்விங் ஆர்ம். அதன் முன்முனை ஃபிரேமில் ஒரு பிவட்டில் சுழலும். பிவட்டில் இருந்து சக்கரத்தின் அச்சு வரை 500 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

இரட்டை ஷாக் பைக்கில் ஷாக்கின் கீழ்முனை அச்சுக்குப் பக்கத்திலேயே இருக்கும். சக்கரத்துக்கு வரும் அடி ஏறக்குறைய அதே அளவில் ஷாக்குக்குப் போகும், அதையும் இரண்டு ஷாக் பங்கு போட்டுக்கொள்ளும். மேல்முனைகள் சீட்டுக்கு அடியில், அதற்கென்றே பலப்படுத்திய இடத்தில் இருக்கும்.

மோனோவில் ஷாக் முன்னால் நகர்ந்து வருகிறது. பிவட்டில் இருந்து 200 மி.மீ. தூரத்தில் பொருத்தினால் நெம்புகோல் விகிதம் 500-ஐ 200-ஆல் வகுக்க வரும் 2.5. ஷாக் ஸ்விங் ஆர்முக்கு செங்குத்தாக நின்றால், சக்கரத்தில் 100 கிலோ என்பது ஷாக்கில் 250 கிலோ.

இரண்டு பேர் உட்கார்ந்தால் பின் சக்கரத்தில் 150 கிலோ சுமை என்று எடுப்போம். ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்போது அது கணநேரம் மூன்று மடங்கானால் 450 கிலோ. அதை 2.5-ஆல் பெருக்கினால் 1,125 கிலோ. ஒரு டன்னுக்கு மேல். அவ்வளவும் அந்த மவுண்ட், ஒரு போல்ட், சில அங்குல வெல்டு ஆகியவற்றின் மேல்தான் விழும். அதுவும் ஒரு தடவை இல்லை, மலை ஏறி இறங்கும் ஒவ்வொரு பள்ளத்திலும்.

கம்யூட்டர் பைக்கின் ஃபிரேம் குழாயின் சுவர் சுமார் 2 மி.மீ. தடிமன்தான். குழாயின் நடுவில் ஒரு டன்னை வாங்குவதற்காக அதை யாரும் வடிவமைக்கவில்லை. ஸ்விங் ஆர்முக்கும் இதே கதை. இதுவரை முனையில் தாங்கப்பட்டிருந்த கை, இப்போது நடுவில் தாங்கப்படுகிறது. வளையப் பார்க்கும். அதனால் ஸ்விங் ஆர்முக்கு மேலே முக்கோணமாக குழாய் வைத்து பிரேஸ் கட்டாத மோனோ கன்வெர்ஷன் அரைகுறை வேலைதான்.

ஸ்பிரிங் கணக்கில் எல்லோரும் சறுக்குவது எங்கே?

பழைய பைக்கில் ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் 1 மி.மீ. அமுக்க 2 கிலோ வேண்டும் என்றால், இரண்டுக்கும் சேர்த்து 4 கிலோ. விகிதம் 2.5 என்பதால் மோனோ ஸ்பிரிங் 10 கிலோ இருந்தால் போதும் என்று தோன்றும். தப்பு.

சக்கரம் 1 மி.மீ. எழும்பினால் ஷாக் 0.4 மி.மீ. மட்டுமே அமுங்கும். ஆனால் விசை 2.5 மடங்கு வர வேண்டும். ஆகவே 2.5-ஐ இரண்டு தடவை பெருக்க வேண்டும்: 4 பெருக்கல் 6.25, அதாவது மி.மீ.-க்கு 25 கிலோ. வேறொரு பைக்கின் ஷாக்கை 'நீளம் சரியா இருக்கு' என்று வாங்கிப் பொருத்தினால் பின்பக்கம் ஒன்று சோஃபா மாதிரி அமுங்கும், இல்லை கல்லு மாதிரி நிற்கும்.

நீளத்திலும் இதே கெடுபிடி. ஷாக் 10 மி.மீ. நீளமாக இருந்தால் பைக்கின் பின்பக்கம் 25 மி.மீ. தூக்கும். முன் ஃபோர்க்கின் சாய்வு மாறும், ஸ்டியரிங் பதற்றமாகும், சைடு ஸ்டாண்டில் பைக் சரியாக நிற்காது.

ஒழுங்காகச் செய்பவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

ரேலி, டர்ட் டிராக் போன்ற மூடிய களங்களுக்கு பைக் தயார் செய்யும் நல்ல பட்டறையில் ஷாக்கை கையில் எடுப்பதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். இரண்டு இரும்புப் பட்டைகளை வெட்டுவார்கள். ஒன்று ஷாக் முழுதாக நீண்டிருக்கும் நீளம், இன்னொன்று முழுதாக அமுங்கிய நீளம். ஷாக் இருக்க வேண்டிய இடத்தில் இவற்றை மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தால் டயர் மட்கார்டில் இடிக்கிறதா, ஏர் ஃபில்டர் பெட்டி குறுக்கே வருகிறதா, செயின் எங்கே இறுகுகிறது என்பதெல்லாம் வெல்டு போடும் முன்பே தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாத பட்டறையை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்து, ஷாக்கின் கண் இரண்டு பிளேட்டுகளுக்கு நடுவில் உட்கார வேண்டும். போல்ட் இரண்டு பக்கமும் பிடிபட்டிருந்தால் வெட்டு விசை இரண்டு இடங்களில் பங்காகும். ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டில் ஷாக்கை மாட்டினால் வெட்டோடு வளைவும் சேர்ந்துகொள்ளும். போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். எண்ணே இல்லாத ஹார்டுவேர் கடை போல்ட் இந்த இடத்துக்கு ஆகாது.

பிளேட்டை ஒற்றைக் குழாயில் நேரடியாக ஒட்ட வைப்பதும் தவறு. இரண்டு பக்கக் குழாய்களை இணைக்கும் குறுக்குக் குழாய் ஒன்றைப் போட்டு, மூலைகளில் முக்கோணத் தகடுகள் வைத்தால் சுமை பரவும். முதலில் டேக் வைத்து, சக்கரம் நேர்கோட்டில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்த பிறகே முழு வெல்டு. ஃபிரேமில் மெல்லிய குழாய் என்பதால் ஆர்கான் வெல்டிங் பொருத்தம், கை தேர்ந்தவர் செய்தால் கோ-டூ வெல்டிங்கும் பரவாயில்லை. பெயின்ட்டை முழுக்க சுரண்ட வேண்டும், டேங்கை கழற்ற வேண்டும், பேட்டரி இணைப்பையும் இசியூ இணைப்பையும் எடுத்துவிட வேண்டும்.

வெல்டு உடைவது பெரும்பாலும் வெல்டுக்குள் இல்லை, அதன் ஓரத்தில். சூடு பட்டு குணம் மாறிய இரும்பில் தலைமுடி அளவு விரிசல் விழுந்து, வாரக்கணக்கில் மெதுவாக வளரும். சிவப்பு சாயத்தை அடித்து, துடைத்து, வெள்ளை டெவலப்பர் தெளித்தால் விரிசல் சிவப்புக் கோடாகத் தெரியும். இதை வெல்டு முடிந்ததும் ஒரு தடவை, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை பார்ப்பது நல்லது. பவுடர் கோட்டிங் அதற்குப் பிறகுதான், இல்லையென்றால் விரிசலை பெயின்ட் மறைத்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் பலருடைய திட்டம் முடிந்துவிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களில் இருந்து வேறுபடும்படி வாகனத்தை உரிமையாளர் மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அந்த வழக்கே கேரளாவில் இருந்து போனதுதான்.

அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ(4) பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கேரள மோட்டார் வாகனத் துறை இதில் கறார் என்பது, 2021-ல் கண்ணூரில் யூடியூபர் சகோதரர்களின் வேன் பறிமுதலானபோது தமிழ்நாட்டிலும் தெரிந்தது.

ஃபிரேமை வெட்டி ஒட்டுவது ஸ்டிக்கர், கண்ணாடி மாற்றுவது போல இல்லை. அது வாகனத்தின் அடிப்படைக் கட்டமைப்பு. புது மாடல்களை புனேயின் ஏஆர்ஏஐ, ஒரகடத்தில் உள்ள சோதனை மையம் போன்றவை பரிசோதித்துச் சான்று தருகின்றன. தனி ஆள் தன் ஒரு பைக்குக்கு அப்படிச் சான்று வாங்குவது நடைமுறையில் நடக்காத காரியம். விபத்து என்று வந்தால், காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவதும் இந்த வெல்டைத்தான். பின்னால் உட்கார்ந்தவருக்கு அடிபட்டிருந்தால் சிக்கல் இன்னும் பெரிது.

அப்போ போனக்காட்டுக்கு எப்படிப் போவது?

ரோட்டில் ஓடும் பைக் என்றால், இரட்டை ஷாக்கை அப்படியே வைத்துக்கொண்டே நிறைய செய்யலாம். முதலில் ஸ்விங் ஆர்ம் புஷ். பின் சக்கரத்தைப் பிடித்து பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் அந்த 'டங்' சத்தம் ஷாக்கில் இருந்து வராமல் இருக்கலாம். ஷாக்கில் எண்ணெய் கசிந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொள்ளும். உங்கள் மாடலுக்கென்றே அதே நீளத்தில் வரும் கேஸ் ஷாக் கிடைத்தால் நல்லது.

இரண்டு பேர் போவதாக இருந்தால் பிரீலோட் வளையத்தை இரண்டு படி ஏற்றுங்கள். ஸ்பிரிங் இதனால் கடினமாகாது, பைக் உட்காரும் உயரம்தான் மாறும். ஆட்கள் ஏறி உட்கார்ந்ததும் பின்பக்கம் மொத்த பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு இறங்கினால் சரி. 90 மி.மீ. பயணம் என்றால் 30 மி.மீ. ஒரு ஆள் அளவு டேப் பிடித்தால் போதும்.

டயர் காற்றை விதுராவிலேயே பார்த்துவிடுங்கள்.